பந்து இல்லாத இடம்

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்து மோட்டார் போட்டேன். டிக்காக்ஷன் இறங்குவதற்குள் வாசலைப் பெருக்கினேன். அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுத்து, இட்லித் தட்டை மடியில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். எட்டு மணிக்கு பிசியோதெரபி செய்யும் தம்பி வந்தார்.

"அம்மா, வலது காலக் கொஞ்சம் முன்னால நீட்டுங்க. கொஞ்சம்தான்."

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன வருடம் குளியலறையில் விழுந்து இடுப்பில் அறுவை நடந்தது. எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்கிறார். ஆனால் கால் நகர்வதில்லை. தம்பி தானே காலைப் பிடித்து நீட்டி மடக்கிவிட்டுப் போனார்.

காட்டாங்குளத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரிக்கு அரை நாள் விடுப்பு சொல்லியிருந்தேன். மதியம் சாப்பிட்ட டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஏறி, பெருங்களத்தூரில் இறங்கினேன். ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதற்கே நேரம் பிடித்தது. அங்கே புதிதாகக் கட்டிய அடுக்குமாடி ஒன்றில் பர்மா மாமா தன் மகளோடு இருக்கிறார். மகள்தான் ஞாயிறன்று தொலைபேசியில் கூப்பிட்டிருந்தாள். "அப்பா ஒங்களப் பாக்கணும்னு சொல்லிட்டே இருக்காரு அக்கா. ஒரு தடவ வந்துட்டுப் போங்க."

மாமாவுக்கு எண்பத்தைந்து இருக்கும். சாய்வு நாற்காலியில் இருந்தபடியே கால்பந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"இந்தக் கேமராக்காரங்க பந்தையே காட்டுறாங்கம்மா. எனக்கு வேண்டிய எடத்தக் காட்டவே மாட்டேங்குறாங்க" என்றார். பிறகு நான் உட்காருவதற்குள் கேட்டார்: "டீச்சர் எப்படி இருக்காங்க? ஆடுறாங்களா?"

டீச்சர் என்றது என் அம்மாவை. ஆடுகிறார்களா என்றால் என்ன ஆட்டம் என்பதைச் சொல்ல நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் பெரும்பாலும் என் வயதுக்காரர்கள். தாம்பரத்திலிருந்து கடற்கரை போகும் ரயில் பல்லாவரத்தை நெருங்கும்போது பெட்டியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கைக்குட்டையை மூக்குக்குக் கொண்டுபோவது உங்களுக்கு நினைவிருக்கும். தோல் ஆலைகளின் வாடை. அந்த வாடை எங்கள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்பா ஓர் ஆலையில் டைம் ஆபீஸ் கிளார்க். ஆட்கள் உள்ளே வரும் நேரத்தையும் வெளியே போகும் நேரத்தையும் குறிப்பது அவர் வேலை. சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் கலந்த அந்த மணம் அவர் சட்டையில், சைக்கிள் சீட்டில், சர்ச்சுக்குக் கொண்டுபோகும் பாட்டுப் புத்தகத்தில்கூட இருந்தது. எழுபதுகளின் கடைசி அது. எனக்குப் பத்து வயது.

கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒரே ஓர் அறை உண்டு, ஆஸ்பெஸ்டாஸ் கூரையோடு. அந்தக் கோடைக்கு முன்னால் அதில் ஒரு குடும்பம் வாடகைக்கு வந்தது. மாமா, அத்தை, தூளியில் ஒரு பெண் குழந்தை. மாமா அப்பாவின் ஆலையில் தற்காலிகத் தொழிலாளி. ஈரத் தோலைச் சுமந்துபோய்க் காயப்போடும் வேலை. வந்த முதல் வாரமே அவரைப் பற்றிய செய்தி தெருவெல்லாம் பரவிவிட்டது. அவர் பர்மா தேசத்துக்காகவே கால்பந்து ஆடியவராம். சென்டர் ஃபார்வர்டாம். கோலாலம்பூர், பாங்காக், சியோல் என்று விமானத்தில் போய் கோல் போட்டவராம்.

அது உண்மைதான். ரங்கூனில் பிறந்த தமிழர் அவர். ஆற்றங்கரை அரிசி ஆலையில் அவருடைய அப்பாவுக்கு வேலை. மழைக்காலத்தில் முழங்கால் சேற்றில், வெறுங்காலோடு ஆடக் கற்றுக்கொண்டு, துறைமுகக் குழு ஒன்றில் சேர்ந்து, இருபது வயதில் தேசிய அணிக்குப் போனார். அணியில் இருந்தவரை அவருடைய தாத்தா எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு மழையில் முழங்கால் பிசகி அணியைவிட்டு விலகிய பிறகு கேட்கத் தொடங்கினார்கள். கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, முகாம், மில், மறுபடி முகாம் என்று பத்து வருடம் அலைந்து கடைசியில் எங்கள் மாடிக்கு வந்தார். உடன் வந்த அத்தை பர்மாக்காரர். கன்னத்தில் மரப்பட்டையை அரைத்து வட்டமாகப் பூசியிருப்பார். அத்தனை வருடங்களில் தமிழ் நன்றாகவே வந்திருந்தது.

"சர்டிபிகேட் ஏதாவது வச்சிருக்கீங்களா? டீம்ல ஆடினதுக்கு?" என்று அப்பா கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"கோல் போட்டா சர்டிபிகேட் குடுக்க மாட்டாங்க சார். கை தட்டுவாங்க" என்றார் மாமா.

அப்பாவுக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. காகிதத்தில் இல்லாத எதையும் அவர் நம்பியதில்லை. தேசிய அணியின் சிவப்புப் பனியன் எங்கள் தலைக்கு மேலேயே இருந்தது. குழந்தை அதில்தான் சுற்றப்பட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அது தெரியும். அப்பா கேட்கவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

ஆலையில் ஒரு கால்பந்துக் குழு இருந்தது. அப்பா அதற்கு மேனேஜர். வாழ்க்கையில் அவர் ஒரு பந்தையும் உதைத்ததில்லை. ஆட்களுக்கு விடுப்பு கொடுப்பதும், எலுமிச்சம்பழம் வாங்குவதும், விசில் வைத்திருப்பதும் ஒழுங்காகச் செய்வார் என்று அவரிடம் கொடுத்திருந்தார்கள். பக்கத்து ஆலைகளுக்கிடையே ஒவ்வொரு கோடையிலும் ஒரு கோப்பைக்குப் போட்டி நடக்கும். ஆலையின் பெரிய மேனேஜர் மாமாவைக் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "கப்பு வந்தா பெர்மனன்ட் ஆர்டர். வரலன்னா சீசனோட கணக்க முடிச்சுக்க வேண்டியதுதான்."

கணக்கை முடித்தால் அவர்களுக்குப் போக ஒரே இடம்தான் மிச்சம். மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊர். பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் பலர் அங்கே கடை வைத்திருந்தார்கள். அதில் ஒருவர் மாமாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அத்தை அதைச் சொல்லும்போது அம்மா வரைபடப் புத்தகத்தைக் கொண்டுவந்து அந்த ஊரைத் தேடினாள். தாம்பரத்தில் ஒரு விரலும் அங்கே ஒரு விரலும் வைக்க, அம்மாவின் கை போதவில்லை.

ஆனால் அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் கவலை அல்ல. ஒரு சத்தம். காய்ந்த தேங்காய் மட்டையை விரலால் சுண்டியதுபோல, வெற்றாக, லேசாக ஒரு சத்தம். அத்தை பின்னிய பிரம்புப் பந்தின் சத்தம் அது.

பர்மாவில் அதற்கு சின்லோன் என்று பெயர். வட்டமாக நின்றுகொண்டு, பந்து தரையில் விழாமல் காலால், முழங்காலால், குதிகாலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். எதிரணி கிடையாது. கோல் கிடையாது. ஜெயித்தவரும் கிடையாது. பெண்களும் ஆடுவார்களாம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நாற்காலி பின்னுகிறவரிடம் பிரம்பு வாங்கிவந்து, எங்கள் வாளியில் ஊறப்போட்டு, அத்தை ஒரு மதியத்தில் அதைப் பின்னி முடித்தார். உள்ளே ஒன்றுமில்லாத பந்து. கையில் எடுத்தால் கூடையின் மணம் அடித்தது.

அம்மா பள்ளிக்கூட டீச்சர். கோடை விடுமுறை. முதல் நாள் துணி உலர்த்தப் போனவள் பந்து தன் பக்கம் வரவே கையால் பிடித்துக் கொடுத்தாள். இரண்டாம் நாள் காலால். மூன்றாம் நாள் புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வட்டத்தில் நின்றாள். அம்மா, அத்தை, மாமா, நான். வெயில் இறங்கிய பின்னும் தரை சுடும். வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு ஆடுவோம். மேலே விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் வட்டமடிக்கும். கீழே நாங்கள்.

"டீச்சர் மாடியில பந்தாடுறாங்களாம்" என்று பேச்சு சர்ச் வரை போயிற்று. ஒரு நாள் மாலை போதகரின் மனைவி புத்தி சொல்வதற்காகவே படியேறி வந்தார். "ஏம்மா, நாலு பேர் பாக்குற எடத்துல…" என்று அவர் தொடங்கும்போது பந்து அவர் பக்கம் போய்விட்டது. என்ன தோன்றியதோ, செருப்புக் காலால் ஒரு உதை விட்டார். பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முருங்கை மரத்தில் போய்ச் சிக்கிக்கொண்டது. அத்தை, "நல்லா அடிச்சீங்கம்மா. அடுத்த தடவ கொஞ்சம் மெதுவா" என்றார். போதகரின் மனைவி காபி குடித்துவிட்டுப் போனார். புத்தி சொல்லும் பேச்சு அதோடு நின்றது.

போட்டி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் எங்கள் ஆலை எப்படியோ தட்டுத்தடுமாறி ஜெயித்தது. மாமா கோல் போடவில்லை. இரண்டாவதிலும் போடவில்லை. கோலுக்குப் பதில் மைதானத்தில் சிரிப்புதான் எழுந்தது. பந்து இந்தப் பக்கம் கிடந்தால் அவர் அந்தப் பக்கம் ஓடுவார். பந்து அந்தப் பக்கம் வந்தால் சட்டென்று திரும்பி வேறெங்கோ போய் நிற்பார்.

"இன்னா பர்மா, வழி தெரியாம சுத்தினு கீற? பந்து இங்க கீதுபா!" என்று மைதானத்து ஓரத்திலிருந்து கத்துவார்கள். எங்கள் அணியில் வலது ஓரத்தில் ஆடிய லாரி கிளீனர் அண்ணன்தான் அதிகம் சலித்துக்கொள்வார். "சார், இந்தாள வச்சிகினு பேஜாராக் கீது. பந்து எடுக்கவே வர மாட்டேன்றாரு."

அப்பா ஆட்டத்தைக் கவனிக்கும் முறை இப்படி: பதினொரு பேரின் பெயரையும் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வார். யார் பந்தைத் தொட்டாலும் அவர் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கோடு. டைம் ஆபீஸ் மூளை. ஆட்டம் முடிந்ததும் கோடுகளைக் கூட்டுவார். கோல்கீப்பருக்குக்கூட வரிசையாகக் கோடுகள். மாமாவின் பெயருக்கு நேரே மட்டும் காகிதம் வெள்ளையாக இருந்தது.

அப்படியே தள்ளாடி இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே குரோம்பேட்டைப் பக்கத்து இரும்பு ஆலை. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆட்டம். வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது அப்பா அம்மாவிடம் சொன்னார்: "அவர ஒக்கார வச்சிடலாம்னு இருக்கேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அவர வச்சு ஆடினா கப்பு வராது. கப்பு வந்தாத்தானே அவருக்கே ஆர்டர்? அவரு ஆடாம ஜெயிச்சாலும் மேனேஜர் கிட்ட நான் பேசிக்கிறேன்."

மாமாவின் நன்மைக்காகவே அவரை ஆட்டத்திலிருந்து எடுக்கிறார். அப்பா அப்படித்தான் மனமார நம்பினார். இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பாசமும் வருகிறது.

அம்மா மோரை ஊற்றிக்கொண்டே, "அவரு போய் நிக்கிற எடத்துல யாருமே பந்து போடலியே" என்றாள்.

"பந்து இல்லாத எடத்துக்கு ஓடினா அதுக்குப் பேரு ஓட்டப்பந்தயம். ஃபுட்பால் இல்ல. நீ எப்ப ஃபுட்பால் பாத்த?"

"நான் பாக்கல. ஆடுறேன். நாளைக்கு சாயந்தரம் மாடிக்கு வாங்க."

சனிக்கிழமை மாமாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட். மாடியில் அத்தையும் அம்மாவும் நானும்தான். அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பக்கத்து மாடிகளில் யாராவது இருக்கிறார்களா என்று முதலில் பார்த்தார். பிறகு வட்டத்தில் நின்றார்.

அத்தை தட்டிய பந்து அவருக்கு வலது பக்கம் விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்தார். அம்மா தட்டியது இடது பக்கம் விழுந்தது. நான் தட்டியது அவர் தோளில் பட்டது. ஒவ்வொரு தடவையும் அவர் பந்தையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்து, அது கீழே வந்த பிறகு பாய்ந்தார். மூச்சு வாங்கியது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"காத்து இருக்கு" என்றார்.

"எங்களுக்கும் அதே காத்துதான்" என்றாள் அம்மா.

அத்தை வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அருகே வந்து, "சார், பந்தப் பாக்காதீங்க. அது பாத்தா லேட். எங்க காலப் பாருங்க. கால் சொல்லும், பந்து எங்க போவுதுன்னு. அங்க முன்னாடியே போயிடுங்க" என்றார்.

அப்பா அத்தையின் காலைப் பார்த்தார். பாதம் லேசாக உள்பக்கம் திரும்பியது. அப்பா ஓரடி இடது பக்கம் வைத்தார். பந்து வந்து அவர் காலிலேயே விழுந்து எழும்பியது. அம்மா அதை வாங்கி என்னிடம் தட்டினாள். என்னிடமிருந்து மறுபடி அப்பாவிடம். மறுபடி எழும்பியது. அவர் முகத்தில் வந்த அந்தச் சந்தோஷத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் ஆடினார். பிறகு பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"அடப்பாவி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "அந்த மனுஷன் முன்னாடியே போய் நின்னுக்கிட்டிருந்தாரா?"

அத்தை குழந்தையைப் பார்க்க உள்ளே போனார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, எல்லோரும் மைதானத்துக்குப் போனோம். அத்தை குழந்தையைச் சிவப்புப் பனியனோடு தூக்கிக்கொண்டு வந்தார். அப்பா மாமாவின் பெயரைப் பட்டியலில் முதலில் எழுதியிருந்தார். லாரி கிளீனர் அண்ணனைத் தனியே கூப்பிட்டுப் பேசினார்.

"பந்து வந்தா நீ அவர் கிட்ட அடிக்காத. அவர் எந்தப் பக்கம் ஓடுறாரோ, அதுக்கு முன்னால காலியா இருக்குல்ல, அங்க போடு."

"இன்னா சார், ஆளே இல்லாத எடத்துல போடச் சொல்றீங்க?"

"போடு. ஆள் வருவார்."

அண்ணனுக்கு நம்பிக்கை இல்லை. முதல் பாதி முழுக்க வழக்கம்போலப் பந்தை வானத்துக்கே அனுப்பினார். எதிர் அணி ஒரு கோல் போட்டுவிட்டது. பெரிய மேனேஜர் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். இடைவேளையில் எலுமிச்சம்பழம் கொடுக்கும்போது அப்பா அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவ. எனக்காக."

இரண்டாம் பாதியில், பாதி நேரம் போன பிறகு, அண்ணன் அதைச் செய்தார். வலது ஓரத்திலிருந்து பந்தைத் தரையோடு தரையாக, யாருமே இல்லாத இடத்துக்கு உருட்டினார். "யாருக்குப்பா அது? காக்காவுக்கா?" என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மாமா அங்கே இருந்தார். ஓடிவந்து சேர்ந்தது மாதிரியே இல்லை. முதலிலிருந்தே அங்கே இருந்தவர், இப்போதுதான் நம் கண்ணுக்குத் தெரிகிறார் என்பது மாதிரி இருந்தது. பந்தை நிறுத்தவில்லை. கணுக்காலின் உள்பக்கத்தால், மாடியில் எனக்குத் தட்டுவாரே, அதே மென்மையோடு ஒரு தட்டு. கோல்கீப்பர் அசையவே இல்லை.

மாமா குதிக்கவில்லை. திரும்பி லாரி கிளீனர் அண்ணனைப் பார்த்துத் தலைக்கு மேலே கையை உயர்த்தித் தட்டினார். கோல் போட்டால் கை தட்டுவார்கள் என்றாரே. அவரே தட்டினார், பந்து கொடுத்தவருக்காக. அப்பாவைப் பார்த்தேன். பென்சில் கையில் இருந்தது. கோடு போட மறந்திருந்தார்.

ஒன்றுக்கொன்று. அதற்கு மேல் யாரும் போடவில்லை. அன்றைய வழக்கப்படி நாணயம் சுண்டினார்கள். பூ கேட்டோம், தலை விழுந்தது. கோப்பை குரோம்பேட்டைக்குப் போயிற்று. பெரிய மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார். அத்தை குழந்தையின் பனியனை இறுக்கிக் கட்டினார். அம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மோரே என்ற அந்த ஊர் திடீரென்று மைதானத்துக்கு வெளியிலேயே இருப்பதுபோல எனக்குத் தோன்றியது.

அப்போது இரும்பு ஆலையின் மேனேஜர், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே அப்பாவிடம் வந்தார்.

"சார், ஒங்க பர்மாக்காரர் பெர்மனன்டா?"

ஆமாம் என்று அப்பா சொல்லியிருக்கலாம். அடுத்த வருடத்துக்காவது ஆளைத் தக்கவைத்துக்கொள்ள எந்த அணி மேனேஜரும் அதைத்தான் சொல்லியிருப்பார். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"இல்ல சார். இதுவரைக்கும் ஆர்டர் ஆகல. நாளைக்கு லீவு போட்டு ஒங்க ஆபீசுக்கு நானே கூட்டிட்டு வரேன்."

கூட்டிக்கொண்டும் போனார். சைக்கிளில், பின்னால் மாமாவை உட்கார வைத்து. ஒரு வாரத்தில் நிரந்தர உத்தரவு வந்தது. எங்கள் ஆலையில் அப்பாவிடமிருந்து விசிலையும் பட்டியலையும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பல கோடைகளில் மாமா எங்கள் ஆலைக்கு எதிராகவே கோல் போட்டார். அப்பா எங்கள் ஆட்களுக்கு நடுவே உட்கார்ந்து கை தட்டுவார். "சார், நீங்க எந்தக் கட்சி?" என்று கேலி செய்வார்கள். "நல்லா ஆடுற கட்சி" என்பார்.

அவர்கள் ஆலைக் குடியிருப்புக்குப் போனபோது பிரம்புப் பந்து யாரிடம் போயிற்று என்று தெரியவில்லை. எங்கள் வீட்டிலும் இல்லை, அவர்களிடமும் இல்லை. மாமா நாற்பத்தைந்து வயதுவரை ஆடிவிட்டு, பிறகு அதே ஆலையில் ஓய்வு பெற்றார். அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகின்றன. அத்தை மூன்று வருடங்களுக்கு முன்னால் போனார்.

இதெல்லாம்தான் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்தது. டீச்சர் ஆடுறாங்களா? நான் மாமாவிடம் உள்ளதைச் சொன்னேன். விழுந்தது, அறுவை, காலை நீட்ட மறுப்பது.

மாமா தன் மகளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் உள்ளே போய் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்தாள். "அம்மா கடைசியா பின்னினது அக்கா. டீச்சருக்குக் குடுக்கணும்னு சொல்லிட்டே இருந்தாங்க. இவரு அன்னன்னிக்கு மறந்துடுவாரு."

புதுப் பந்து. ஆனால் காய்ந்து, நிறம் மங்கியிருந்தது.

"ராத்திரி ஈரத்துணியில சுத்தி வை. இல்லன்னா ஒடையும்" என்றார் மாமா. "டீச்சர் கிட்ட ஒண்ணும் சொல்லாத. கால நீட்டுங்கன்னு சொல்லவே சொல்லாத."

மாமாவின் பார்வை மறுபடி தொலைக்காட்சிக்குப் போயிற்று, திரையின் ஓரத்துக்கு, பந்து இல்லாத பக்கத்துக்கு. நான் ஆறு மணி ரயிலைப் பிடித்து வீடு வந்தேன். இரவு சப்பாத்தி. துணியை நனைத்துப் பிழிந்து பந்தைச் சுற்றி வைத்தேன். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 12, புதன்கிழமை. மோட்டார் போடுவதற்கு முன்னால், டிக்காக்ஷனுக்கு முன்னால், ஈரத்துணியைப் பிரித்து எடுத்துக்கொண்டு அம்மாவின் நாற்காலிக்கு எதிரே போய் நின்றேன். பந்தைத் தரையில் வைத்தேன். அம்மா பந்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். நான் பாதத்தை லேசாக உள்பக்கம் திருப்பினேன். பந்து கிளம்புவதற்கு முன்பே அம்மாவின் வலது கால் முன்னால் நீண்டுவிட்டது.